களையும் கையும்

பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய இடங்களில் வாழ்வோர் பூச்செடி வாங்கச் சுங்கை பூலோவுக்குச் செல்வது கோலாலம்பூர் வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். துளசி, மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை என வேண்டிய கன்றுகள் எல்லாம் அங்குள்ள நாற்றுப்பண்ணைகளில் தொட்டிகளிலும் கறுப்புப் பைகளிலும் வரிசை வரிசையாக நிற்கும். கன்றின் தழைப்பைக் கண்டு வாங்குவோர் பலர். தொட்டியின் மண்ணைக் குனிந்து பார்ப்போர் சிலரே. அவ்வாறு குனிந்து பார்ப்பவர், சில தொட்டிகளில் மண்ணின்மேல் பச்சைத் தோல் போர்த்தினாற்போல ஒன்று படர்ந்திருக்கக் காண்பார். பொதுமக்கள் அதனைப் பாசி என்று சொல்லி விடுவர். ஆயின் அவற்றுள் ஒருவகை பாசியன்று. அதனை ஈரலுருத் தாவரம் என்பர் தாவரநூலார்.

அதற்கு உண்மையான வேரில்லை, பூவில்லை, விதையுமில்லை. ஈரலின் மடல்களைப் போன்ற தட்டையான பச்சை உடலே அதன் முழு வடிவம். அவ்வடிவத்தைக் கண்டே, அது ஈரல் நோய்க்கு மருந்தாகும் என்று இடைக்கால ஐரோப்பியர் நம்பினர். பெயரும் அதனால் அமைந்தது. இவ்வினத்தைச் சேர்ந்த மார்கான்ஷியா என்னும் செடியின் உடல்மீது சிறுசிறு கிண்ணங்கள் இருக்கும். கிண்ணத்துள் கடுகினும் சிறிய பச்சைத் துணுக்குகள் கிடக்கும். ஒரு நீர்த்துளி அதில் விழுந்தால் போதும். துணுக்குகள் தெறித்து அடுத்த தொட்டியில் விழுந்து புதுச்செடியாகும். நாள்தோறும் நீர் தெளிக்கும் பண்ணைக்காரரே அதற்கு விதைப்பவராகவும் ஆகிவிடுகிறார்! படர்ந்த பின்னர் அது பாய்போல் மண்ணை மூடி, நீரும் உரமும் கன்றின் வேருக்குச் செல்லாமல் தடுக்கும். நத்தைக்கும் சிறு பூச்சிகளுக்கும் புகலிடமும் ஆகும்.

இத்துணைச் சிறிய களை எழுப்பும் கேள்வி பெரியது. களையைக் கொல்வதா? அன்றி, களைக்கு இடங்கொடாத வகையில் மண்ணைப் பேணுவதா? சிலாங்கூர் மாநிலத்து மண்ணில் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. அதற்கு ஏடுகளில் விடை எழுதியவர்கள் வேறு. தம் கைகளால் விடை எழுதியவர்கள் வேறு. பின்னவருள் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதே இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்கத் தூண்டுவது.

கண்ணாடிப் பெட்டியில் வந்த கன்று

இந்நாட்டின் தோட்டத்தொழில் தொடங்கியதே தொட்டிக் கன்றுகளில்தான். 1829ஆம் ஆண்டளவில் இலண்டன் நகர மருத்துவர் நத்தானியேல் வார்டு என்பார், ஒரு பூச்சிக் கூட்டை ஈரமண்ணுடன் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்திருந்தார். சின்னாளில் அம்மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. நீர் ஊற்றாமலே அவை வாழக் கண்ட அவர், மூடிய கண்ணாடிப் பெட்டியில் செடிகளைக் கடல் கடந்து அனுப்பலாம் என்பதை நிறுவினார். அதற்கு முன்னர்க் கப்பலேறிய செடிகளுட் பெரும்பாலானவை உப்புக் காற்றிலும் நீரின்மையாலும் மாண்டு வந்தன.

1876இல் ஹென்றி விக்காம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவற்றுள் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அத்தகைய கண்ணாடிப் பெட்டிகளில் அவ்வாண்டே இலங்கைக்குச் சென்றன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. மலாயாவின் பால்மரக் காடுகள் அனைத்துக்கும் இவையே முன்னோடிகள்.

பெட்டிக்குள் கன்றைக் காத்த ஈரம் பாசிக்கும் ஈரலுருத் தாவரத்துக்கும் உகந்த ஈரமாகும். கன்றை வளர்க்கும் நீரே களையையும் வளர்க்கிறது என்பது நாற்றுமேடை கற்பிக்கும் முதற் பாடம். தோட்டங்களை ஆண்ட துரைமார்கள் அப்பாடத்தைக் கற்க நெடுங்காலம் ஆயிற்று.

வெற்று மண்ணே அழகு என்ற காலம்

1890களின் நடுவில் காஜாங் வட்டாரத்தில் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் பயிராகத் தொடங்கியது. காப்பியின் விலை வீழ்ந்தபின் சிலாங்கூரின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக ரப்பருக்கு மாறின. 1910இல் ரப்பரின் விலை எவரும் எதிர்பாராத உயரத்தைத் தொட்டது. காடு அழிந்தது, கிள்ளான் முதல் காஜாங் வரை பால்மரம் எழுந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியே தமிழ் மக்கள் வந்து குவிந்தனர்.

வந்தவர் அனைவருக்கும் பால்வெட்டுக் கத்தி உடனே கிடைத்துவிடவில்லை. பால்வெட்டுக்குப் பயிற்சி வேண்டும்; இளங்கன்று மரமாகிப் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். அதுவரை தோட்டத்தின் பெருவேலை புல்வெட்டே. பெண்களும் முதியோரும் சிறுவர்களும் அவ்வேலைக்கே பெரிதும் அனுப்பப்பட்டனர். மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் நில்லாதபடி மண்ணைச் சுரண்டி வெற்றாக்குவதே அக்காலத்து முறை. புல் தலைகாட்டாத தோட்டமே நல்ல துரையின் தோட்டம் எனப் பாராட்டப் பெற்றது. மாதந்தோறும் சுற்று முறையில் இவ்வேலை நடந்தது. தருப்பையின் இனமாகிய லாலாங் புல்லின் கிழங்குவேரைத் தோண்டி எடுத்து முடிப்பது அவற்றுள் மிகக் கடினமானது. ஒரு துண்டு எஞ்சினும் அது மீண்டும் தழைக்கும்.

இம்முறையின் தீமையை மழையே முதலில் எடுத்துரைத்தது. மலேசிய மழை தூறலாகப் பெய்வதில்லை, கொட்டும் மழை. மறைப்பற்ற சரிவுகளில் அம்மழை விழுந்தபோது மேல்மண் கரைந்தோடியது. மரங்களின் பக்க வேர்கள் மண்ணுக்கு மேல் புடைத்து நின்றன. ஈயச் சுரங்கங்களின் கழிவுமண்ணோடு தோட்டங்களின் வளமண்ணும் சேர்ந்து ஆறுகளைத் தூர்த்தது. காட்டு மரங்கள் பன்னூறு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த இலைமக்கு சில ஆண்டுகளில் தொலைந்தது. களை என்று எண்ணிக் களைந்தவை மண்ணின் ஆடைகள் என்பதை அப்போதுதான் அறிஞர் சிலர் உணரலாயினர்.

1925இல் மலாயா ரப்பர் ஆய்வுக்கழகம் சட்டப்படி நிறுவப்பெற்றது. கோலாலம்பூரில் அதன் ஆய்வுக்கூடமும் சுங்கை பூலோவில் அதன் ஆய்வுத்தோட்டமும் அமைந்தன. மண்ணை வெற்றாக விடாது மூடுபயிர் வளர்க்கும் முறை அக்காலத்தில் வலுப்பெற்றது. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் என்னும் அவரையினக் கொடிகள் மரங்களுக்கிடையே படரவிடப்பட்டன. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றித் தரும். கொடிகள் வெயிலை மறைப்பதால் அவற்றின்கீழ்ப் புல் முளைப்பதும் குறையும். காவிரிக் கழனிகளில் கொழுஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழுத குடியிலிருந்து வந்த உழவனுக்கு இது புதுமையன்று. ஆனால் அவனை எவரும் கேட்கவில்லை. அவன் கையில் கொடுக்கப்பட்டது மண்வெட்டி மட்டுமே.

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரச் சரிவால் ரப்பரின் விலை அடியோடு வீழ்ந்தது. செலவைக் குறைக்க வேண்டிய தோட்டங்கள் முதலில் கைவைத்தது புல்வெட்டுச் செலவில்தான். புல் வளர்ந்தது, மரங்களோ அஞ்சியபடி அழியவில்லை. புல் மண்டிக் கிடப்பதாக இகழப்பட்ட சிறுதோட்டக்காரர்களின் நிலங்களிலும் மரப்பட்டை நன்றாகவே வளர்வது கண்டறியப்பட்டது. ஆய்வுக்கழகத்து மண்ணியல் அறிஞர் ஹேன்ஸ், இயற்கையாக முளைக்கும் செடிகளை அறவே ஒழிக்காமல் தேர்ந்து அடக்கி வைப்பதன் பயனை விளக்கி எழுதினார். மண் பிழைத்தது. ஆனால் அதே சரிவில் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் கூலியும் குறைந்தது. தேவையற்ற வேலையை இத்தனை ஆண்டுகள் அவர்கள் வெயிலில் செய்துவந்தனர் என்பதும், அது நின்றபோது அவர்கள் பிழைப்பும் நின்றது என்பதும் ஒருங்கே நினைவுகூரத்தக்கவை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் கூலி உயர்வும் மதிப்பான நடத்தையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவு நீங்க வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். புல்லுக்குக் கிடைத்த ஆராய்ச்சியும் பரிவும் புல்வெட்டியவர்க்குக் கிடைக்கவில்லை.

மருந்து என்னும் நஞ்சு

மண்வெட்டியினும் மலிவான ஒன்று அதற்கு முன்னரே தோட்டங்களில் நுழைந்திருந்தது. சோடியம் ஆர்சனைட்டு என்னும் பாடாணக் கரைசலே அது. லாலாங்கை அழிக்கவும், மறுநடவுக்காக முதுமரங்களைப் பட்டுப்போகச் செய்யவும் அது பயன்பட்டது. தெளித்த புல்லை மேய்ந்த மாடுகள் மாள்வதுண்டு. லயத்துக்குப் பின்னால் ஒரு பசுவை வைத்துப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களுக்கு அது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1962இல் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. பச்சை இலையில் பட்டதும் வெயிலின் துணையோடு ஒருநாளில் அதனைக் கருக்கிவிடும்; களிமண்ணில் பட்டால் செயலற்றுப் போகும். ஆதலின் அது மண்ணுக்குத் தீங்கற்றது எனப் புகழப்பட்டது. 1974இல் கிளைபோசேட்டு என்னும் மற்றொரு களைக்கொல்லி வந்தது. அது தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்த இடங்களுள் மலேசியாவின் ரப்பர்த் தோட்டங்களும் அடங்கும். நூறு பேர் வெட்டிய புல்லைச் சிலர் தெளித்து அழிக்கும் காலம் பிறந்தது.

அச்சிலருள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நீரும் நஞ்சும் கலந்த கலத்தை முதுகில் சுமந்தால் ஏறத்தாழ 20 கிலோ எடை. விடியற்காலைப் பிரட்டு முடிந்ததும் புறப்பட்டு வரிசை வரிசையாகத் தெளித்துச் செல்ல வேண்டும். இப்பணிக்குத் தோட்டப்புறத்தில் வழங்கிய பெயர் 'மருந்தடித்தல்' என்பது. நோயைத் தீர்ப்பதற்குரிய சொல் நஞ்சின்மேல் ஏறி அமர்ந்தது. மருந்துதானே என்று எண்ணியவர்கள் வெறுங்கையால் கலக்கினர். அதே ஆடையுடன் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கினர். நகம் கழன்றது, தோல் வெந்தது, மூக்கில் குருதி வடிந்தது. பாராகுவாட்டு ஒரு மிடறு உள்ளே சென்றாலும் நுரையீரல் இறுகி உயிர் பிரியும். அதற்கு மாற்று மருந்து இல்லை. துயருற்றோர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள அதனையே எடுத்த கொடுமையும் தோட்டப்புறங்களில் நிகழ்ந்தது. காப்புடையும் முகமூடியும் வெப்பநாட்டு வெயிலில் அணிந்து நடக்க இயலாதவையாக இருந்தன. பல இடங்களில் அவை கொடுக்கப்படவும் இல்லை.

1974இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. 1996இல் வந்த விதிகள் கடும் நஞ்சுகளைக் கையாளும் பணியில் கருவுற்ற பெண்களையும் பாலூட்டும் தாய்மாரையும் ஈடுபடுத்தலாகாது என்றன. ஐரீன் ஃபெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகநீத்தா அமைப்பு, தெளிப்புப் பெண்களின் நிலையை ஆய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டே அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நீக்கப்போவதாக அறிவித்தது. தோட்ட முதலாளிகளின் வேண்டுகோளால் 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முடிவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அந்நஞ்சு மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அதற்குள் தமிழ்ப் பெண்கள் பலர் தோட்டத்தைவிட்டு நகரத்துக்குப் பெயர்ந்துவிட்டனர். அவர்கள் சுமந்த கலத்தை வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் சுமந்தனர்.

களையும் வாளா இருக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில், கிளைபோசேட்டுக்கு மடியாத புல்வகை ஒன்று மலேசியாவில் கண்டறியப்பட்டது. அது கேழ்வரகின் காட்டுச் சுற்றம். ஒரே நஞ்சை மீண்டும் மீண்டும் தெளித்ததன் விளைவு அது.

பைக்குள் கை மட்டுமே

நஞ்சு இத்தனை வல்லமை பெற்ற காலத்திலும் அதற்குக் கதவடைத்த இடம் ஒன்றுண்டு. அதுவே நாற்றுமேடை. முன்னாளில் நிலத்தில் நேராக வளர்த்த ரப்பர்க் கன்றுகளும் செம்பனைக் கன்றுகளும் பிற்காலத்தில் கறுப்பு நெகிழிப் பைகளில் வளர்க்கப்பட்டன. பைகளுக்கு இடையேயுள்ள நடைவழியில் களைக்கொல்லி தெளிக்கலாம். பைக்குள் தெளித்தால் களையோடு கன்றும் கருகும். எனவே பைக்குள் முளைப்பதைக் கையாலேயே பறிக்க வேண்டும். பெருந்தோட்டத்தின் அறிவியல் எல்லாம் வந்தபின்னும், ஒரு கன்றைச் சுற்றியுள்ள ஒரு சாண் மண்ணில் பெண்ணின் விரல்களே அதிகாரம் செலுத்தின.

கையாலும் எளிதில் அடங்காதது ஈரலுருத் தாவரம். மேலாகச் சுரண்டினால் துணுக்குகள் சிதறி மீண்டும் படரும். நஞ்சுகளும் அதனிடம் சீராக வேலை செய்வதில்லை. கன்றுக்கோ தீங்கு நேரும். அதனை அடக்க அனுபவம் காட்டிய வழிகள் வேறு. நீரை மாலையில் ஊற்றாது காலையில் ஊற்றி, மண்ணின் மேற்பரப்பு பகலில் உலர விடுதல்; நாள்தோறும் சிறிது தெளிப்பதை விடுத்து, வேண்டும்போது வேர் நனைய ஊற்றுதல்; உரத்தை மேலே தூவாது மண்ணுக்குள் புதைத்தல்; கன்றுகளை நெருக்காது காற்றோட உலவவிடுதல்; மேற்பரப்பில் நெல்லுமியோ தேங்காய்ச் சோற்றுத் துண்டுகளோ செம்பனைக் கொட்டையின் ஓட்டுத்தூளோ விரலளவு பரப்புதல்; புதுக்கன்று வாங்கும்போதே மேல்மண்ணைச் சிறிது அகழ்ந்து அகற்றுதல். இவற்றுள் ஒன்றேனும் களையைக் கொல்லும் வழியன்று. அனைத்தும் களைக்கு இடங்கொடாத வழிகளே. வெற்று மண், மிகுந்த நீர், மேலே தூவிய உரம் ஆகிய மூன்றும் கூடிய இடத்துக்கே ஈரலுருத் தாவரம் வருகிறது. அது பண்ணைக்காரரின் பகைவன் என்பதினும், அவர்தம் தவற்றைச் சுட்டும் கணக்கர் என்பதே பொருந்தும்.

சுங்கை பூலோவின் தொட்டிகள்

ஆய்வுக்கழகத்தின் தோட்டம் இருந்த அதே சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் நோயுற்றோர் கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் அடைக்கப்பட்டிருந்தனர். சிறைபோன்ற அம்முறையை மாற்ற வேண்டும் என்று பாடுபட்டவர்களுள் மருத்துவர் டிராவர்ஸ் குறிப்பிடத்தக்கவர். பள்ளத்தாக்கில் சிறுசிறு வீடுகளும் அவற்றைச் சூழத் தோட்டமுமாக அக்குடியிருப்பு எழுந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லா இனத்தவரும் அங்கு அடைக்கப்பட்டனர். சட்டம் அவர்களைக் குடும்பத்திடமிருந்து பிரித்தது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் வந்த சல்போன் மருந்துகள் நோயைக் குணப்படுத்தின. நோய் போயினும் சமுதாயத்தின் அச்சம் போகவில்லை. திரும்பிச் செல்ல வீடில்லாத பலர் அங்கேயே தங்கினர். பிழைப்புக்காகத் தொட்டிகளில் செடி வளர்த்து விற்றனர். மக்கள் தொட அஞ்சிய கைகள் வளர்த்த பூச்செடிகள், அம்மக்களின் வாயிற்படிகளை அலங்கரித்தன. தொழுநோய் விரல்களின் உணர்ச்சியைக் கவர்வது. முள் குத்தினும் தெரியாது, புண்ணாயினும் வலியாது. அத்தகைய விரல்களால் தொட்டிக்குத் தொட்டி குனிந்து களை பறித்துக் கன்று வளர்த்தோர் அவர்கள். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுமைக்கும் செடி வழங்கும் சுங்கை பூலோப் பண்ணைகளின் பெயருக்கு அவர்கள் உழைப்பே அடிப்படை. 2007இல் அக்குடியிருப்பின் ஒரு பகுதி பல்கலைக்கழக மருத்துவ வளாகத்துக்காக இடிக்கப்பட்டது.

தோட்டங்களும் அவ்வாறே மறைந்து வருகின்றன. 1921இல் தொடங்கிச் சிறந்த ரப்பர் இனங்களை உலகுக்கு ஈந்த பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா நகரம் நிற்கிறது. சுங்கை பூலோ ஆய்வுத்தோட்டத்து நிலத்திலும் புதுநகரம் எழுகிறது. புல் வெட்டியவர்க்கும் நஞ்சு தெளித்தவர்க்கும் அங்கே நினைவுக்கல் இல்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளின் நடைவழியில் ஒரு தொட்டித் துளசி வளர்க்கின்றனர்.

களையெடுத்தபின் பயிருக்கு நீர் பாய்ச்சுவதினும் காவல் சிறந்தது என்றார் திருவள்ளுவர். பயிருக்குக் காவல் பல கண்டது இம்மண். பயிரைக் காத்தவர்க்குக் காவல் வரத்தான் தாமதமாயிற்று. தொட்டித் துளசியின் அடியில் பச்சைத் தோல் படரக் காணும் இளையோர் நஞ்சுப் புட்டியைத் தேடி ஓட வேண்டியதில்லை. நீரைச் சற்றே குறைத்து, மேல்மண்ணைக் கையால் அகற்றி, ஒரு பிடி உமியைப் பரப்பினால் போதும். அவ்வாறு செய்யும்போது, அதே வேலையைத் தம் பாட்டி ஆயிரம் பைகளுக்குக் குனிந்து செய்தாள் என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.